தண்ணீர் குடிக்கும் வெப்பம்

கொதிக்கிற தண்ணீருக்குக் கீழே எவ்வளவு தீ எரித்தாலும் அதன் சூடு அதற்குமேல் ஏறாது. இதை நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அம்மா படிக்காமலே தெரிந்து வைத்திருந்தாள். உலை கொதி கண்டதும் அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்து, கங்கை மண்ணில் தேய்த்து அணைத்துவிடுவாள். "கொதிச்ச பெறகு எம்புட்டு எரிச்சாலும் அரிசி அதே நேரத்துலதான் வேகும், வெறகுதான் வீணாப் போவும்" என்பாள். விறகு காசு கொடுத்து வாங்குகிற வீடு. அதனால் வந்த அறிவு அது. ஆனால் அந்த ஒரு விறகை இழுத்ததில் வெப்ப இயலின் பெரிய பாடம் ஒன்று இருந்தது என்று எனக்குத் தெரிய வெகு காலம் ஆனது.

நான் ஆசிரியரான பிறகு, அந்தப் பாடத்தை நடத்தும் நாளுக்காக ஒவ்வோர் ஆண்டும் காத்திருப்பேன். முகவையில் தண்ணீர், கீழே ஸ்பிரிட் விளக்கு, தாங்கியில் தொங்கும் வெப்பமானி. ஒரு மாணவன் நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் படித்துச் சொல்ல, இன்னொருத்தி கரும்பலகையில் எழுதுவாள். 30, 36, 43 என்று ஏறிக்கொண்டே போகும் எண், 99-க்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அதே எண். வகுப்பில் சலசலப்பு கிளம்பும். "சார், தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு சார்!" விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வெப்பம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. போன வெப்பம் எங்கே? இந்தக் கேள்வி பிள்ளைகள் வாயிலிருந்து தானாக வரும்வரை நான் பேசவே மாட்டேன். வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 2.9 லட்சம் ஜூல் வேண்டும். 100 டிகிரியில் இருக்கும் அதே தண்ணீரை, ஒரு டிகிரிகூட ஏற்றாமல், வெறுமனே ஆவியாக்க 22.6 லட்சம் ஜூல் வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை விடுவிப்பதற்கே அத்தனை ஆற்றலும் செலவாகிறது. வெப்பமானியில் காட்ட மிச்சம் எதுவும் இல்லை. பனிக்கட்டி உருகும்போதும் இதே கதைதான். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை 0 டிகிரித் தண்ணீராக்க 3.34 லட்சம் ஜூல். அந்த ஆற்றலைத் தண்ணீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரிவரை சூடாகியிருக்கும்.

இதை முதலில் தெளிவாகக் கண்டு சொன்னவர் ஜோசப் பிளாக். 1760-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். குளிர்காலம் முடிந்து வெயில் வந்த பிறகும் மலைகளில் பனி வாரக்கணக்கில் கிடக்கிறதே, உருகுநிலையைத் தொட்டதும் கொஞ்சம் வெப்பம் கிடைத்தாலே அது மொத்தமாக உருகிவிடும் என்றால் ஒவ்வொரு வசந்தத்திலும் வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போக வேண்டுமே என்று அவர் யோசித்தார். அப்படி நடக்கவில்லை. ஆகவே பனி உருகுவதற்கு நிறைய வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் வெப்பமானியின் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒளிந்துகொள்கிறது. உள்ளுறை வெப்பம் என்று நாம் படிப்பது அதைத்தான். வெப்பத்தின் அளவு வேறு, வெப்பநிலை வேறு என்ற பிரிவும் அவரிடமிருந்துதான் உறுதிப்பட்டது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டக் கம்பி மத்தாப்பைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. அதிலிருந்து தெறிக்கும் பொறி ஒவ்வொன்றின் வெப்பநிலையும் ஆயிரம் டிகிரிக்குமேல் இருக்கும். அது புறங்கையில் விழுந்தால் சுருக்கென்று ஒரு நொடி, அவ்வளவுதான். கொதிக்கும் ரசம் ஒரு கரண்டி விழுந்தால் தோல் கொப்பளித்துவிடும், அது வெறும் 100 டிகிரிதான் என்றாலும். பொறியின் எடை மிகச் சிறியது, அதனிடம் இருக்கும் வெப்பமும் அற்பம். ரசத்தில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் சுமந்துவரும் வெப்பம் சாமானியமானதல்ல.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். இரும்புக்கு 450 போதும். செம்புக்கு 385. உலர்ந்த மணலுக்கு 800-க்குப் பக்கம். நடுப்பகல் வெயிலில் கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு இந்த எண்கள் காலில் தெரியும். மணல் கொதிக்கும், பத்தடி தள்ளி அலை குளிர்ந்திருக்கும். வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். மணலில் அது மேல் தோலோடு நின்றுவிடுகிறது. கடலிலோ ஆழத்துக்கு இறங்குகிறது, அலை அதைக் கலக்கிவிடுகிறது, ஒரு பங்கு ஆவியாவதில் போகிறது, மீதியைத் தண்ணீர் அலட்டிக்கொள்ளாமல் உள்வாங்கிக்கொள்கிறது. தரைமேல் சூடான காற்று மேலே எழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. எங்கள் ஊரில் மதியத்துக்குமேல் அந்தக் காற்று வந்து திண்ணையைத் தொடுகிற நேரம் பெரியவர்களுக்கு மனப்பாடம். "காத்து திரும்பிருச்சு" என்று சொல்லிப் பாயை விரிப்பார்கள். வெப்பச் சலனம் என்று பாடத்தில் வருகிற இடத்தில் முகவையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் வரைந்திருக்கும். அது நல்ல சோதனைதான். ஆனால் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையிலிருந்து தொடங்கலாம் என்றே நினைக்கிறேன்.

இரும்பு என்றதும் பட்டறைக்குப் போகிறது மனது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற நாள் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் திருவிழா. குடம், ஆரக்கால், வட்டை என்று மரத்தச்சர் சக்கரத்தைச் சேர்த்துக் கொடுத்திருப்பார். கொல்லர் இரும்புப் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே வளைத்து ஒட்டுவார். இப்படிக் குறைத்தால் எப்படி மாட்டும் என்று எங்களுக்குத் திகைப்பாக இருக்கும். பட்டையைத் தரையில் கிடத்தி, அதைச் சுற்றி வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரும்பு கன்றிச் சிவந்ததும் நான்கு பேர் குறடால் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். வட்டை புகையும், சில இடத்தில் பற்றிக்கொள்ளும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். ஆவி குப்பென்று கிளம்பும். இரும்பு சுருங்கச் சுருங்க ஆரக்கால்கள் நெறுநெறுவென்று குடத்துக்குள் இறங்குகிற சத்தம் கேட்கும். அதற்குமேல் அந்தப் பட்டையை ஆனை இழுத்தாலும் கழற்ற முடியாது.

இரும்பு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். கேட்க ஒன்றுமில்லாத எண். ஐந்தடிச் சக்கரத்தின் சுற்றளவு 4.7 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 500 டிகிரி ஏற்றினால் பட்டை ஏறக்குறைய 2.8 செ.மீ. நீள்கிறது. இரண்டு விரற்கடை. கொல்லர் குறைத்து வளைத்தது அந்த இடைவெளிக்குள்தான். தண்டவாளத்தில் விடும் இடைவெளியை மட்டும் உதாரணமாகக் காட்டிவிட்டுப் போகிற பாடத்தில் இந்தச் சக்கரமும் வந்தால், சூத்திரம் கடைசியாக வந்தாலும் பிள்ளைகள் அதைக் கையோடு பிடித்துக்கொள்வார்கள்.

அதே பட்டறைத் திண்ணையில் தச்சர் தமரூசியால் மரத்தில் துளை போடுவார். கயிற்றை இழுத்து இழுத்துவிட ஊசி இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழலும். துளை முடிந்ததும் ஊசி நுனியைத் தொட்டால் சுடும். தீயே இல்லாமல் சூடு எங்கிருந்து வந்தது?

மியூனிக் நகரின் படைக்கலச் சாலையில் பீரங்கிக் குழல் குடைவதைப் பார்த்துக்கொண்டிருந்த ரம்ஃபோர்டு பிரபுவுக்கும் இதே கேள்விதான் வந்தது. அமெரிக்காவில் பெஞ்சமின் தாம்சனாகப் பிறந்து, பவேரியாவில் பிரபுவானவர். அந்தக் காலத்தில் வெப்பம் என்பது 'கலோரிக்' என்ற கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம், அது பொருள்களுக்குள் நிறைந்திருக்கிறது, குடையும்போது பிதுங்கி வெளியே வருகிறது என்று பெரிய அறிஞர்களே நம்பினார்கள். ரம்ஃபோர்டு மழுங்கிய துளைக்கருவியை வைத்து, பித்தளைக் குழலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, குதிரையைக் கட்டிச் சுற்றவிட்டார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல் அவ்வளவு தண்ணீர் கொதிப்பதைக் கண்டு சுற்றி நின்றவர்கள் அசந்துபோனார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். குதிரை சுற்றும்வரை வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது, தீரவே இல்லை. தீராமல் வருகிற ஒன்று பொருளாக இருக்க முடியாது. அது இயக்கமாகத்தான் இருக்க வேண்டும். 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது.

இயக்கம்தான் என்றால் எவ்வளவு இயக்கத்துக்கு எவ்வளவு வெப்பம்? இந்த 'எவ்வளவு'க்காகத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் 1818-இல் பிறந்தவர். குடும்பத்துக்குப் பீர் காய்ச்சும் ஆலை. பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகித்ததில்லை. பீர் காய்ச்சும் தொழிலில் வெப்பநிலையைக் கவனமாகப் பார்த்தாக வேண்டும், அந்தப் பழக்கம் அவர் கையில் இருந்திருக்கும். செம்புப் பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் சுழலும் பித்தளைத் துடுப்புகள், துடுப்போடு கயிற்றால் பிணைத்த இரண்டு ஈயக் குண்டுகள். ஒவ்வொன்றும் 13 கிலோ. குண்டுகள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலான உயரம் இறங்கும், துடுப்பு சுழலும், தண்ணீர் கலங்கும். மறுபடி குண்டுகளை மேலே ஏற்றி இறக்குவார். இப்படி 20 முறை இறக்கினாலும் தண்ணீரின் சூடு பாரன்ஹீட்டில் அரை டிகிரிதான் கூடும். இறங்கும் குண்டின் வேகம், பாத்திரத்திலிருந்து கசியும் வெப்பம், அறையின் சூடு எல்லாவற்றையும் கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும். மான்செஸ்டரில் டான்ஸர் என்ற கருவிக் கைவினைஞர் செய்துகொடுத்த வெப்பமானியில் ஒரு டிகிரியை 200 பங்காக்கிப் படித்தார் ஜூல்.

தண்ணீரின் பிடிவாதம் மறுபடி இங்கே வந்து நிற்கிறது. வேறு திரவம் என்றால் சூடு கூடுதலாகத் தெரிந்திருக்கும், அளப்பது எளிதாக இருந்திருக்கும். திமிங்கில எண்ணெயிலும் பாதரசத்திலும் அவர் செய்து பார்த்தார். எதில் செய்தாலும், அளவின் நுட்பத்துக்குள், கிடைத்த விடை ஒன்றே. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ எடை 427 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். இது இன்றைய கணக்கு. தம் நாட்டு அலகுகளில் ஜூல் கடைசியாகக் கண்ட எண் 772.55. சேல் என்ற ஊரில் இருக்கும் அவரது கல்லறைக் கல்லில் அந்த எண்ணைப் பொறித்திருக்கிறார்கள்.

1847-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த அறிவியல் கூட்டத்தில் ஜூல் பேச எழுந்தபோது, நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார் தலைவர். யாரும் பொருட்படுத்தாமல் போயிருக்கும். ஆனால் அரங்கில் இருந்த இளைஞர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அதில் ஆர்வம் காட்டினார். அதிலிருந்து உலகம் கேட்டது. ஆற்றல் அழிவதில்லை, வடிவம்தான் மாறுகிறது என்று ஒரே வரியில் நாம் கோடிட்டு மனப்பாடம் செய்கிறோமே, அந்த வரிக்குப் பின்னால் அரை டிகிரிக்காக நிலவறையில் நின்ற மனிதர் ஒருவர் இருக்கிறார். அவரைச் சொல்லாமல் அந்த வரியை நடத்தக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

427 மீட்டர் என்றால் அருவி நினைவுக்கு வரத்தான் செய்யும். ஜூலுக்கும் வந்தது. நயாகராவில் விழும் தண்ணீர் கீழே பாரன்ஹீட்டில் ஐந்தில் ஒரு டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்று 1845-இலேயே எழுதினார். குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நின்ற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். "அருவித் தண்ணி ஐஸாட்டம் இருக்குமே சார்!" உண்மைதான். நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் கூடுவது கால் டிகிரிதான். அதே நேரம் திவலையாகத் தெறித்த தண்ணீர் ஆவியாகி, அந்தக் கால் டிகிரியையும் அதற்குமேலும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

விழுவதைத் திருப்பிப் போட்டால் ஏற்றுவது. வீட்டு மின்கட்டண அட்டையில் இருக்கும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். கொஞ்சமும் வீணாகாமல் அதைக் கொண்டு ஒரு டன் எடையை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். ஒரு டன் கல்லை அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நான்கு முறை ஏற்றியும் மிச்சமிருக்கும். அதே ஒரு யூனிட்டைத் தண்ணீருக்குக் கொடுத்தால்? 12 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம், அதோடு சரி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். குளிக்க வெந்நீர் போடுவதில் நாம் செலவிடுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்று அப்போதுதான் உறைக்கும்.

உழைப்பு, உணவு, வெப்பம் மூன்றையும் முடிச்சுப்போட்ட இன்னொருவர் ஜெர்மனியின் யூலியஸ் ராபர்ட் மேயர். டச்சுக் கப்பல் ஒன்றில் மருத்துவராக 1840-இல் ஜாவாத் தீவுக்கு வந்தார். அங்கே மாலுமிகளின் சிரையிலிருந்து எடுத்த ரத்தம், தம் ஊரில் பார்த்ததைவிடப் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. வெயில் நாட்டில் உடல் தன் சூட்டைக் காக்கக் கொஞ்சமாக எரித்தால் போதும், அதனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிஞ்சுகிறது என்று அவர் நினைத்தார். அங்கிருந்து, தின்ற உணவுதான் சூடாகவும் உழைப்பாகவும் பிரிகிறது, இரண்டும் ஒரே கணக்கில் வர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1842-இல் வெளியான கட்டுரையில் ஜூலின் 427-க்கு அவர் சொன்ன எண் 365. சோதனைச்சாலை இல்லாமல், மற்றவர்கள் அளந்துவைத்ததை மட்டும் கொண்டு அவ்வளவு அருகில் வந்திருக்கிறார்.

நாள் ஒன்றுக்கு 2,000 கிலோகலோரி சாப்பிடுகிறவர் உடலில் 84 லட்சம் ஜூல் சேர்கிறது. இதை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் ஏறக்குறைய 100 வாட். சும்மா உட்கார்ந்திருந்தாலும் நாம் ஒரு பழைய குண்டு பல்பின் அளவுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறோம். விடாவிட்டால் உயிர் நிற்காது.

வியர்வை ஆவியாகும்போது அந்த வெப்பமும் அதோடு போகிறது. ஆவியாவது என்றால் என்ன என்று பார்க்கத் தூத்துக்குடியில் உப்பளத்தைவிடப் பெரிய சோதனைச்சாலை கிடையாது. கடல்தண்ணீரைப் பாத்திப் பாத்தியாக மாற்றிவிட்டு வெயிலுக்குக் காட்டுவார்கள். நூறு லிட்டர் ஏறக்குறைய பத்து லிட்டராகச் சுண்டினால்தான் உப்பு விழத் தொடங்கும். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 5 யூனிட்டுக்குக் குறையாத ஆற்றல் இறங்குகிறது. உப்பள வெப்பநிலையில் ஒரு லிட்டர் ஆவியாக 24 லட்சம் ஜூல். எல்லாம் ஆவியாவதற்கே போனால் 7 லிட்டருக்குமேல், அதாவது பாத்தியில் 7 மி.மீ. உயரம் குறையும். திரும்பிப் போவதும் மண்ணைச் சுடுவதும் போக, இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஒரு ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் ஒரே நாளில் 20,000 யூனிட் வெயில். வீட்டுக்கு வரும் சமையல் எரிவாயு உருளைகள் நூற்றுக்குமேல் எரித்தால்தான் அதற்கு ஈடாகும். அம்மா இழுத்து அணைத்த விறகைப் போல எத்தனை லட்சம் விறகுகளை வெயில் இலவசமாக எரித்துக்கொண்டிருக்கிறது! உப்பளத்திலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அங்கே எரியும் நிலக்கரியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குபோலத்தான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பங்கைக் குளிர்விக்கும் தண்ணீர் வாங்கிக்கொண்டு கடலுக்குக் கொண்டுபோகிறது. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள அங்கேயும் தண்ணீர்தான்.

இந்தக் கணக்கைப் போட்ட ஒரு நாள், முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். அவள் அம்மாவுக்கு உப்பு வாருகிற வேலை. "சார், மேகாத்து அடிச்சா உப்பு நல்லா வெளையும், அம்மாவும் தெம்பா வருவா. கொண்டக் காத்து வந்தா உப்பும் வெளையாது, அம்மாவுக்கு வேர்வையும் காய மாட்டேங்கு. ரெண்டும் ஒண்ணா சார்?"

ஒன்றேதான். மேற்கே மலையைத் தாண்டி இறங்கிவரும் காற்று காய்ந்த காற்று. பாத்தியிலிருந்தும் தோலிலிருந்தும் நீராவியை வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. கடல்மேல் வருகிற கொண்டல் ஏற்கெனவே நீராவியைச் சுமந்து வருகிறது, அதற்குமேல் வாங்கிக்கொள்ள இடம் குறைவு. வழிந்து தரையில் சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. ஆவியாகிற வியர்வை மட்டுமே வெப்பத்தை எடுத்துப்போகும். பலகையில் பாத்திக்கு எழுதியிருந்த 24 லட்சத்துக்குப் பக்கத்தில் அவள் அம்மாவின் ஒரு லிட்டர் வியர்வைக்கும் அதே 24 லட்சத்தை எழுதினேன். கடுமையாக உழைக்கும் உடல் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம் ஜூல் வெப்பத்தை உண்டாக்கும். அதை வியர்வை ஒன்றே வெளியேற்ற வேண்டுமானால் மணிக்கு அரை லிட்டர். தலைக்குமேல் வெயில் இறக்குவது தனி, வெண்ணுப்பிலிருந்து கண்ணிலும் முகத்திலும் திரும்பி அடிப்பது தனி. அப்படியானால் எட்டு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும் என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். நான்கு லிட்டருக்குக் குறையவே கூடாது என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். அம்மா கொண்டுபோகிற தூக்குவாளி ரெண்டு லிட்டர்தான் பிடிக்கும் என்றும் சொன்னாள்.